ஃபர்ஸ்ட் காப்பி கிட்டாரில் காசு எங்கே போயிருக்கிறது

தமிழக–கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் இளைஞர்களுக்குக் குறைவில்லை. ஞாயிறு ஆராதனை, கன்வென்ஷன் பந்தல், டிசம்பர் கேரல், கல்யாண ரிசப்ஷன், எல்லைக்கு அந்தப் பக்கம் ஓணக் காலத்துக் கானமேளா என்று வாசிக்க இடங்கள் இருக்கின்றன. நல்ல கிட்டார் வாங்கக் காசுதான் இருப்பதில்லை. கிப்ஸன் நிறுவனம் 1952 முதல் விற்றுவரும் லெஸ் பால் கிட்டாரின் ஸ்டாண்டர்ட் வகை இந்தியாவில் இன்று 2 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அதே வளைவும், அதே செர்ரி சன்பர்ஸ்ட் நிறமும், தலைப்பகுதியில் அதே பெயரும் கொண்ட ஒரு கிட்டார் ஏறத்தாழ 25,000 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று ஒருவன் வாட்ஸாப்பில் படம் அனுப்பினால், இருபது வயதுப் பையனுக்கு அன்று இரவு தூக்கம் வராது. மார்த்தாண்டத்தில் என் வீட்டு மேசையில், வேலை முடிந்த மாலைகளில், பிறருடைய கிட்டார்களை வாசிக்க வாகாகச் சரிசெய்து, அதாவது செட்டப் செய்து, கொடுப்பது என் வழக்கம். அந்த மேசைக்கு வந்த போலிகளைக் கழற்றிப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

இவை வந்து சேரும் வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பு சீன இணைய அங்காடிகளில் நேராகவே தருவித்தார்கள். 2020இல் அந்தச் செயலிகள் பல இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பிறகு, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டிகளோடும், திருவனந்தபுரம் வட்டாரத்து விற்பனைக் குழுக்கள் வழியாகவும் வருகின்றன. முதலில் விற்பவர் பெரும்பாலும் ஒளிப்பதில்லை. ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று வெளிப்படையாகவே சொல்லித்தான் விற்கிறார். இரண்டாவது கை மாறும்போது அந்தச் சொல் உதிர்ந்துவிடுகிறது. மூன்றாவது கைக்கு வரும்போது அது துபாயில் இருக்கும் மாமா ஆசையாக வாங்கிவந்த அசல் கிட்டார் ஆகிவிடுகிறது, விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கிறது. என்னிடம் வந்தவற்றில் வருத்தம் தந்தவை இந்த மூன்றாவது கைக் கிட்டார்களே. இது யாரோ சிலர் கொட்டகையில் செய்யும் தொழில் என்றும் எண்ண வேண்டாம். 2024 டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை லாஸ் ஏஞ்சலஸ் – லாங் பீச் துறைமுகத்தில் கிப்ஸன் பெயர் தாங்கிய 3,000க்கும் மேற்பட்ட போலிக் கிட்டார்களைப் பிடித்ததாக அறிவித்தது; அவை அசலாக இருந்திருந்தால் 1.8 கோடி டாலருக்கு மேல் விலை போயிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

பாவனைக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் பையன்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1970களில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அமெரிக்கக் கிட்டார்களை அப்படியே பார்த்துச் செய்தன. ஆனால் தலையில் இபனெஸ் போன்ற தங்கள் சொந்தப் பெயரைத்தான் பொறித்தன. அப்போது கிப்ஸனை வைத்திருந்த நார்லின் நிறுவனம், இபனெஸின் அமெரிக்க விற்பனையாளரான எல்ஜர் மீது 1977இல் பிலடெல்பியாவில் தொடுத்த வழக்கு, தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியதே. அது மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது. அந்த ஜப்பானியக் கிட்டார்களை இன்று பலர் தேடி வாங்குகிறார்கள், ஏனென்றால் தன் பெயரைப் போட்டுக்கொண்ட தொழிற்சாலைக்கு அந்தப் பெயரைக் காப்பாற்றும் கவலை இருந்தது. போலி செய்பவனுக்கு அந்தக் கவலை இல்லை. புகழும் பழியும் வேறொருவருக்குப் போகின்றன. சீனாவில் செய்தது என்பதாலேயே ஒரு கிட்டார் மட்டமாகிவிடாது. கிப்ஸனுக்குச் சொந்தமான எபிஃபோன் கிட்டார்கள் சீனாவின் சிங்தாவ் நகரில் அந்நிறுவனத்தின் சொந்தத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டு வந்திருக்கின்றன. அவற்றில் பல என் கைக்கு வந்து, அதிக வேலை வைக்காமல் திரும்பிப் போயிருக்கின்றன.

நன்றாக நினைவிருக்கும் ஒரு கிட்டாரைச் சொல்கிறேன். எங்கள் பகுதி ஆலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் பையன் ஒருவன், பாறசாலைக்கு அப்பால் ஒருவரிடம் வாங்கிய லெஸ் பாலைக் கேஸோடு கொண்டுவந்து மேசையில் வைத்தான். “அண்ணே, சவுண்டு ஒரிஜினல் மாதிரியே இருக்குல்லா?” என்று கேட்டான், பதில் தெரிந்தவன் கேட்பதைப் போலத்தான் கேட்டான். பார்வைக்கு அது அழகான பொருள் என்பதை மறுக்க முடியாது. கதவை மூடிவிட்டு நான்கடி தள்ளி நின்று பார்த்தால் எனக்கும் ஆசை வரத்தான் செய்தது.

கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பார்த்தேன். உண்மையான மேப்பிள் பலகையில் இருக்கும் அலையலையான வரிகள், ஒளி விழும் கோணம் மாற மாற இருண்ட கோடு வெளுத்தும் வெளுத்த கோடு இருண்டும் இடம் மாறும். இந்தக் கிட்டாரின் வரிகள் எப்படிச் சாய்த்தாலும் அசையவில்லை. மரத்தின் படத்தை அச்சிட்ட மெல்லிய படலத்தை ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போலக் கனமாகப் பாலியஸ்டர் பூச்சு ஏற்றியிருந்தார்கள். கழுத்துக்குள் ஓடி அதன் வளைவைத் திருத்த உதவும் உலோகத் தண்டுக்கு ட்ரஸ் ராட் என்று பெயர். தலைப்பகுதியில் அதை மூடும் சிறு தகட்டை மூன்று திருகுகள் பிடித்திருந்தன. கிப்ஸனில் இரண்டுதான் இருக்கும். அதைக் கழற்றினால், கிப்ஸனின் பித்தளை நட்டுக்குப் பதிலாக ஆலன் சாவி நுழையும் துளை தெரிந்தது. உடலின் மேல் மீட்டும் கம்பிகள் படிந்து நிற்கும் பிரிட்ஜைத் தாங்கும் தண்டுகள் ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் பருத்த தண்டுகள். கிப்ஸனில் அந்த இடத்தில் விரலால் திருகும் சிறு சக்கரங்கள் இருக்கும். பின்பக்கம் பொறித்திருந்த வரிசை எண், கழுத்தின் வார்னிஷுக்கு மேல் அழுத்தியதா கீழ் அழுத்தியதா என்று சொல்ல முடியாதபடி மங்கலாக இருந்தது. இந்த அடையாளங்களில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. எபிஃபோனிலும் பருத்த தண்டுகள் உண்டு. எல்லாம் ஒன்றாகச் சேரும்போது சந்தேகத்துக்கு இடமில்லை.

விரல் பலகையைத் துடைக்க எண்ணெய் தொட்ட துணியை ஓட்டியபோது துணி பழுப்பாகிவிட்டது. வெளிறிய ஏதோ மரத்துக்கு ரோஸ்வுட் நிறத்தில் சாயம் ஏற்றியிருந்தார்கள். கிப்ஸன் தன் விரல் பலகைகளுக்குப் பெரும்பாலும் பயன்படுத்துவது இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலையில் வளரும் மரம் அமெரிக்காவில் இழைக்கப்பட்டு அசல் கிட்டாராகிறது. அதன் போலியோ சாயம் போகும் விரல் பலகையோடு எங்கள் ஊருக்கு வந்து சேர்கிறது.

நியாயமாகப் போலிக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். அசல் லெஸ் பாலின் தலை கழுத்திலிருந்து 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்து, ஒரே மரத்திலிருந்து செதுக்கப்படுவதால், மர இழைகள் அந்த இடத்தில் குறுக்கே வெட்டுப்படுகின்றன. போதாக்குறைக்கு ட்ரஸ் ராடுக்காக அதே இடத்தில் பள்ளமும் எடுக்கிறார்கள். ஸ்டாண்டோடு கீழே விழுந்தால் அசலின் தலை அந்த இடத்தில் முறிவது கிட்டார் உலகத்தில் பழைய சங்கதி. போலி செய்பவர்கள் மரத்தை மிச்சப்படுத்த, தலையைத் தனித்துண்டாக வெட்டிச் சாய்வாக ஒட்டுகிறார்கள். அப்படி ஒட்டினால் இழைகள் தலையின் நீளவாக்கிலேயே ஓடுவதால் அந்த இடம் அசலைவிட உறுதியாக அமைந்துவிடுகிறது. உடல் மரமும் கழுத்தும் கணினி இயந்திரத்தில் வெட்டப்படுவதால் அளவுகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. பழைய காலத்து மலிவுக் கிட்டார்களின் கோணல் கழுத்து இவற்றில் அபூர்வம்.

அப்படியானால் குறை எங்கே என்றால், இயந்திரம் விட்டுவிட்டு மனிதக் கை நேரம் செலவழிக்க வேண்டிய இடங்களில். விரல் பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளைச் சமன்படுத்தி, மேல் விளிம்பை உருட்டி, ஓரத்தை மழுங்கச் சீவுவது பொறுமையான கைவேலை. அந்த வேலை இந்தக் கிட்டாரில் நடந்திருக்கவேயில்லை. பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தை அடுத்தடுத்த மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டினால், நடுவில் உள்ளது உயர்ந்திருக்கும் இடத்தில் அட்டை ஆடும். ஏழாவதிலிருந்து பதினான்காவது வரை அது பல இடங்களில் ஆடியது. மீட்டும் கம்பிகளைத் தாழ்த்தினால் கரகரக்கும், உயர்த்தினால் விரல் நோகும், இடையில் வைக்க இடமில்லை. கழுத்தின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கீறின. கண்ணுக்குப் படும் இடத்திலெல்லாம் செலவழித்தவர்கள் விரல் படும் இடத்தில் மிச்சப்படுத்தியிருந்தார்கள். ஒரு போலிக் கிட்டாரை எடைபோட இதைவிட வேறு அளவுகோல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

நட் எனப்படும் மேல்தடையும் அப்படித்தான். உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக். பள்ளங்கள் போதிய ஆழம் இல்லை. மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பார்த்தால், ஒரு தாள் நுழையும் அளவே இருக்க வேண்டும். இதில் ஒரு தடித்த அட்டையே நுழைந்தது. அதன் விளைவு ஆரம்ப நிலை வாசிப்பில்தான் முதலில் தெரியும். எஃப் கார்டு என்னும் சுரக்கூட்டை முதல் ஃப்ரெட்டில் பிடிக்கக் கை முழுவதும் வலிக்கும். பிடித்தாலும் கம்பிகள் கூடுதலாக இழுபட்டுச் சுருதி ஏறி ஒலிக்கும். புதிதாகக் கற்கிறவர்கள் இதைத் தங்கள் திறமைக் குறைவு என்று நினைத்துக்கொண்டு கிட்டாரைச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்தவன் மட்டமான கிட்டாரிலும் எப்படியோ சமாளித்துக்கொள்வான், கற்கிறவனால் முடியாது. அதனால்தான் ‘படிக்கத்தானே, இது போதும்’ என்று பெற்றோர் சொல்லும்போது நான் எப்போதும் மறுக்கிறேன்.

பிரிட்ஜின் இடம் தப்பியிருந்தால் அதைவிடப் பெரிய தலைவலி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் சுரமும் சுருதி காட்டும் ட்யூனர் செயலியில் ஒன்றாகக் காட்ட வேண்டும். இந்தக் கிட்டாரில் தடித்த ஈ கம்பியின் சேடிலை, அதாவது பிரிட்ஜில் கம்பி அமரும் சிறு துண்டை, கடைசி வரை பின்னுக்குத் தள்ளியும் அழுத்திய சுரம் கூடுதலாகவே நின்றது. தண்டுக்கான துளையைச் சில மில்லிமீட்டர் முன்னால் போட்டுவிட்டார்கள். சேடிலைத் திருப்பிப் பொருத்தியதில் சிறிது இடம் கிடைத்துத் தப்பித்தோம். அதுவும் போதாமல் போயிருந்தால் துளையை மரத்தால் அடைத்து வேறு துளை போட வேண்டியிருக்கும், அந்தச் செலவுக்கு வேறு கிட்டார் வாங்கிவிடலாம்.

உள்ளே மின் வேலை இன்னொரு கதை. செத் லவர் கிப்ஸனில் இருந்தபோது 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பிக்கப்பில் ஒரு வகை. அதன் நோக்கமே, எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களால் மின்சார இரைச்சலை அடித்துப்போடுவது. இரண்டு ஹம்பக்கர் பொருத்திய இந்தக் கிட்டார் ஆலயத்து ஆம்பில் செருகியதும் தேனீக்கூடு போல இரைந்தது. பின்மூடியைத் திறந்தால், பிரிட்ஜுக்குப் போக வேண்டிய எர்த் வயர் தண்டின் உலோகத்தைத் தொடாமலே மரத்துக்குள் முடிந்திருந்தது. சோல்டர் வைத்த இடங்கள் மங்கிய சாம்பல் நிறத்தில், விரலால் அசைத்தாலே விட்டுப்போகும் நிலையில் இருந்தன. ஒலியளவையும் தொனியையும் கூட்டிக் குறைக்கும் பாட்கள் பெரிய அளவுக்குப் பதில் சிறிய மலிவு வகை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெறும் எங்கள் மாவட்டத்தில் இப்படிப்பட்ட ஸ்விட்சும் ஜாக்கும் ஓர் ஆண்டு நன்றாக ஓடினால் ஆச்சரியம். கடற்கரைப் பக்கத்து ஆலயங்களில் அதற்கும் முன்னாலேயே பச்சை பூத்துவிடும்.

டிஸ்டார்ஷன் போட்டுச் சத்தத்தைக் கூட்டினால் பிக்கப் வீறிட்டது. சுருளின் நுண்கம்பிகள் உள்ளே தளர்ந்து அதிர்வதால் வரும் வீறிடல் அது. மெழுகில் ஊறவைத்தால் அடங்கும். எங்கள் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன இடம், தேனீ வளர்ப்பவரிடம் தேன்மெழுகு கேட்டால் கிடைத்துவிடும். நான்கு பங்கு பாரஃபின் மெழுகுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து, 65 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் உருக்கி, காற்றுக் குமிழ்கள் நிற்கும்வரை பிக்கப்பை அதில் மூழ்க வைக்க வேண்டும். சூடு அதற்கு மேல் வெகுவாகப் போனால் பிளாஸ்டிக் சுருள்சட்டம் வளைந்துவிடும். சமையலறை அடுப்பில் இதைச் செய்ய வீட்டில் அனுமதி வாங்குவது வேறு விஷயம்.

எலும்பு நட், புதிய பாட்கள், ஸ்விட்ச், ஜாக், சுருதி சேர்க்கக் கம்பியை முறுக்கும் சாவிகள், ஃப்ரெட் சமன் செய்யும் கூலி எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, கிட்டார் வாங்கிய விலையில் ஏறக்குறையப் பாதி வந்துவிட்டது. வேலை முடிந்தபின் அது நன்றாகவே வாசித்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கழுத்தின் வளைவைக் கால் மில்லிமீட்டருக்கும், பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பியின் உயரத்தை 2 மில்லிமீட்டருக்கும் கொண்டுவந்தேன். எந்தச் சுரமும் கரகரக்கவில்லை. டிசம்பர் கேரலில் அதை வாசித்தபோது கேட்டவர்களில் யாருக்கும் அது அசலா போலியா என்ற கேள்வியே எழவில்லை. ஆம்ப், விரல்கள், கம்பியின் புதுமை ஆகியவை கூட்டத்தின் காதில் விழும் ஒலியை எவ்வளவு தீர்மானிக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

பிறகு அவன் அதை விற்க வந்தபோதுதான் சிக்கல் வந்தது. செலவழித்த காசெல்லாம் கிட்டாருக்குள் இருக்கிறது, ஆனால் வெளியில் இருக்கும் பெயரால் அதை நேர்மையாக விற்க முடியவில்லை. போலி என்று சொன்னால் வாங்கிய விலையில் பாதிகூடக் கேட்கமாட்டார்கள்; அசல் என்று சொன்னால் அது ஏமாற்று, குற்றமும்கூட. 1999ஆம் ஆண்டின் வர்த்தகச் சின்னங்கள் சட்டம், 104ஆம் பிரிவில், போலிச் சின்னம் இட்ட பொருளை விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்பதை நிரூபிக்கும் பொறுப்பும் விற்பவர் மேல்தான். “மக்கா, பேர அழிச்சிட்டு, உள்ளத உள்ளபடி சொல்லிக் குடு” என்றேன். தலையின் முகப்பைத் தேய்த்துக் கறுப்பு அடித்தான். பெயரில்லாத நல்ல கிட்டாராக, அவன் செய்வித்த வேலைகளின் கூலிக்குச் சற்று மேலான விலையில், அருமனைப் பக்கம் ஒருவர் எடுத்துக்கொண்டார்.

20,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய்க்குள் செலவழிக்க இருப்பவர்களிடம் நான் சொல்வது யமஹா பசிஃபிக்கா, இபனெஸ் ஜியோ, கோர்ட், ஸ்கொயர் ஆகியவற்றில் அன்று கடையில் எது கைக்கு ஒத்துவருகிறதோ அதை. லெஸ் பால் உருவமே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் எபிஃபோனின் ஆரம்ப வகைகள் இருக்கின்றன. சிறிது காத்திருந்தால் செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கும். படங்களில் பார்த்து வளர்ந்த அந்த உருவத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறும் ஆசை சிறியதல்ல, அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்த ஆசைக்கு எபிஃபோன் போதுமான பதில் தருகிறது, ரசீதும் வாரண்டியும் கூடவே வருகின்றன.

செகண்ட் ஹேண்ட் பார்க்கப் போகும்போது ஏடிஎம் அட்டை ஒன்றும், ட்யூனர் செயலி உள்ள போனும், ஆலன் சாவிகளும், சின்ன டார்ச்சும் கையில் இருந்தால் போதும். விற்பவர் அனுமதித்தால் ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்தி மீண்டும் இறுக்கிப் பாருங்கள். அசையாமல் இறுகி நின்றாலும், பிடிப்பில்லாமல் சும்மா சுற்றினாலும் அந்தக் கிட்டாரை விட்டுவிடுவது நல்லது, மழைக்காலத்தில் கழுத்து வளையும்போது அதைத் திருத்த வேறு வழி இல்லை. பின்மூடியைத் திறக்கவே கூடாது என்று விற்பவர் தடுத்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடலாம். திறக்கவிட்டால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் என்று பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது ஞாயிறு மதியங்களில் கிட்டார் வயிற்றுப் படங்கள் போனில் வந்து குவிகின்றன.